ஆற்றங்கரைக் கூடாரம்: மசாய் மாராவில் தங்குவோருக்கு

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறவர்களில் பலர் ஹோட்டல் அறை பார்ப்பது போலவே கூடாரத்தையும் பார்க்கிறார்கள். கட்டில் எவ்வளவு அகலம், குளியலறை எப்படி, வைஃபை உண்டா என்று விசாரிக்கிறார்கள். அதெல்லாம் பிறகு. முதலில் பார்க்க வேண்டியது ஆற்றைத்தான். எந்த ஆறு, எந்தக் கரை, எவ்வளவு மேட்டில் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துகொண்டு முன்பதிவு செய்தவர்கள் பெரும்பாலும் ஏமாறுவதில்லை.

மாரா என்பது கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. நிழல் தரும் பெரிய மரங்கள் ஆறு ஓடும் வழியில்தான் அடர்ந்து நிற்கும். முகாம் நடத்துபவருக்குத் தண்ணீரும் நிழலும் வேண்டும். யானைக்கும் சிறுத்தைக்கும் நீர்யானைக்கும் அதே இரண்டும்தான் வேண்டும். ஆகவே ஆற்றங்கரையில் கூடாரம் எடுப்பவர் விலங்குகளின் புழக்கத்தில் இருக்கும் இடத்தில் குடியேறுகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் விதிகளில் பாதி சொல்லாமலே விளங்கிவிடும்.

எந்த ஆறு, எந்தக் கரை

மாரா ஆறு மாவ் மலைக் காடுகளில் பிறந்து, காப்பகத்தின் ஊடாகத் தெற்கே ஓடி, தான்சானியாவுக்குள் நுழைந்து விக்டோரியா ஏரியில் கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 395 கிலோமீட்டர். கிழக்கிலிருந்து வந்து அதில் சேரும் கிளையாறு தலேக். முகாம்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் கரையில்தான் இருக்கும்.

இரண்டும் வேறு வேறு அனுபவம். மாரா பெரிய ஆறு. செங்குத்தான கரைகள், திட்டுத் திட்டாகக் கிடக்கும் நீர்யானைக் கூட்டங்கள், மணல் திட்டில் வாய் பிளந்து வெயில் காயும் முதலைகள் எல்லாம் இருக்கும். கூடார வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. தலேக் சிறியது. மழை இல்லாத மாதங்களில் நீர் வற்றி மடு மடுவாகத் தேங்கிவிடும். ஆனால் தலேக்கைச் சுற்றியுள்ள வெளிகளில் சிங்கமும் சிவிங்கிப்புலியும் நன்றாகத் தென்படும். முகாமிலிருந்து வண்டி கிளம்பிய சில நிமிடங்களிலேயே விலங்குகளைப் பார்த்துவிடலாம். உட்கார்ந்து பார்க்க மாரா, சுற்றிப் பார்க்க தலேக் என்பது என் கணிப்பு. பணம் ஒரே அளவுதான் என்றால் நான் மாராக் கரையைத்தான் எடுப்பேன்.

கரையும் முக்கியம். காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். ஆற்றுக்கு மேற்கே உள்ள பகுதியை மாரா முக்கோணம் என்பார்கள். 2001 முதல் மாரா கன்சர்வென்சி என்ற அமைப்பு அதை நிர்வகிக்கிறது. கிழக்குப் பகுதி நேராக நரோக் மாவட்ட அரசின் கையில் இருக்கிறது. முக்கோணத்தில் முகாம்கள் குறைவு, வண்டி நெரிசலும் குறைவு. கிழக்கில் இரண்டும் அதிகம். வரைபடத்தில் எதிர்க்கரை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தெரியும். ஆனால் வண்டி கடக்கத் தெற்கே தான்சானிய எல்லையை ஒட்டிய புருங்காட் பாலம் வரை போய் வர வேண்டும். ஒரு பொழுது அதிலேயே போய்விடும். ஆகவே இந்தக் கரையில் தங்கி அந்தக் கரையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முகவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

காப்பகத்துக்கு உள்ளேயா, வெளியேயா என்பது அடுத்த கேள்வி. செகெனானி, தலேக் வாயில்களுக்கு வெளியே மலிவான முகாம்கள் வரிசையாக உண்டு. பலவற்றுக்கு வேலி இருக்கும். இரவில் நிம்மதியாகத் தூங்கலாம், ஆனால் காலையில் வாயில் திறக்கும்போது மற்ற வண்டிகளோடு நீங்களும் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் முகாம்களில் வேலி இல்லாதவையே அதிகம், விலையும் கூடுதல். இவை போக, காப்பகத்தின் வடக்கிலும் கிழக்கிலும் மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு உருவான தனிக் காப்பகங்கள் இருக்கின்றன. நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்றவை. இங்கே வண்டிகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு. இரவுச் சவாரியும், காவலரோடு நடைப்பயணமும் முதன்மைக் காப்பகத்துக்குள் கிடையாது, இங்கே கிடைக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் இரண்டு இரவு இங்கும் இரண்டு இரவு ஆற்றங்கரையிலும் எனப் பிரித்துக்கொள்ளலாம்.

எப்போது போவது, ஆறு எப்போது பொங்கும்

சுமார் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வந்த வில்டபீஸ்ட் மான் கூட்டம் மாராவில் இருக்கும். ஆற்றைக் கடக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சியைப் பார்க்க உலகமே திரளுவதும் அப்போதுதான். கட்டணமும் அப்போது ஏறும். 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் காப்பகக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். முகாம் வாடகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். பல விலைப்பட்டியல்களில் சேர்ந்திருக்காது. நான்கு பேர் குடும்பம் மூன்று இரவு தங்கினால் இந்த ஒரு வரி எத்தனை லட்சம் ஆகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வில்டபீஸ்ட் கடக்கும் மாதங்களில் ஆற்றங்கரை முகாமுக்கு ஒரு சங்கடம் உண்டு. விளம்பரப் படங்களில் அது தெரியாது. ஆண்டுக்குச் சராசரியாக 6,000க்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் மாரா ஆற்றில் மூழ்கிச் சாகின்றன என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உடல்கள் மிதந்து வந்து வளைவுகளிலும் பாறைகளிலும் ஒதுங்கும். கழுகுகளும் மராபு நாரைகளும் நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும். கடவு இடத்துக்குக் கீழே, ஆறு வளையும் இடத்தில் உங்கள் முகாம் இருந்தால் காற்று திரும்பும்போது சாப்பாடு இறங்காது. முகாம் பெயரைச் சொல்லி, அது கடவு இடங்களுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேளுங்கள். நேர்மையான மேலாளர் பதில் சொல்வார்.

மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். வாடகை பாதியாகக் குறையும், புல் பச்சைப் பசேல் என்றிருக்கும், கூட்டமும் இருக்காது. ஆனால் ஆற்றங்கரையில் தங்க இது நல்ல காலம் அல்ல. 2024 மே 1ஆம் தேதி தலேக் ஆறு கரை மீறி, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட முகாம்களை மூழ்கடித்தது. சுற்றுலாப் பயணிகளையும் ஊழியர்களையும் ஹெலிகாப்டர் வைத்து மீட்க வேண்டியிருந்தது. உங்கள் தலைக்கு மேல் மழை பெய்யாவிட்டாலும் மேலே மலையில் பெய்த மழை சில மணி நேரத்தில் வந்து சேரும். அதனால்தான் கரையின் உயரத்தைக் கேட்கச் சொன்னேன். தண்ணீர் மட்டத்துக்கும் கூடார மேடைக்கும் நடுவே எத்தனை அடி, கடந்த வெள்ளத்தில் எதுவரை ஏறியது என்று விசாரியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில்தான் போக முடியும் என்றால் மேட்டுப்பாங்கான முகாமை எடுங்கள். ஆற்றைப் பகலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்புமுன்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கென்யாவிலிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமை முகாமில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே சான்று செல்லும். ஆகவே கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்த நாள், எந்த நேரம் என்பதை முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். அறுபது வயது தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஊசி போட முடியாது என்று தெரிந்தால் பயணத் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

மாரா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டருக்கு மேலே இருந்தாலும் மலேரியா உண்டு. மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கென்யாவுக்கு விசா முறை போய், 2024 ஜனவரி முதல் இணையவழி முன் அனுமதி வந்துவிட்டது. அதிகாரப்பூர்வ அரசுத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். இடைத்தரகர்களின் தளங்கள் அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும்.

நைரோபியிலிருந்து தரைவழி ஐந்து, ஆறு மணி நேரம். நரோக் ஊரில் வண்டி நிறுத்தி டீ குடித்துவிட்டுப் போகலாம். வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விமானம் டவுன் பஸ் மாதிரி ஒவ்வோர் ஓடுதளமாக இறங்கி ஏறும். உங்கள் ஓடுதளத்தின் பெயர் கீகோரோக்கா, ஓல் கியோம்போவா, முசியாராவா என்று தெரிந்து வைத்திருங்கள். ஒருவருக்கு 15 கிலோதான், கைப்பையும் அதில் அடக்கம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்றமாட்டார்கள். மடங்கும் துணிப்பைதான் வேண்டும். பெரிய பெட்டிகளை நைரோபி ஹோட்டலிலேயே பாதுகாக்கச் சொல்லிவிட்டு வரலாம்.

பைக்குள் என்ன வைப்பது? ஆப்பிரிக்கா என்றதும் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளாக அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். ஜூலையில் விடியற்காலை, மேல் திறந்த வண்டியில், பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிரில் எதிர்காற்று முகத்தில் அடிக்கும்போது பல் கிடுகிடுக்கும். ஸ்வெட்டர், குல்லா, காதை மூடும் துணி கட்டாயம். ஊட்டிக்கு எடுத்துப் போவதையெல்லாம் எடுத்து வையுங்கள். கருநீலமும் கறுப்பும் செட்செ ஈக்களை இழுக்கும். காக்கி, பழுப்பு, சாம்பல் நல்லது. ராணுவ உடை போன்ற புள்ளித் துணி வேண்டாம். பிளாஸ்டிக் கைப்பைகளுக்குக் கென்யாவில் 2017 முதல் தடை. காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 2020 ஜூன் முதல் தடை. ஜவுளிக்கடைக் கவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் கொண்டுவாருங்கள். டிரோன் கொண்டுவர வேண்டாம், சுங்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஆளுக்கொரு பைனாகுலர் இருந்தால் நல்லது. ஒன்றை வைத்துக்கொண்டு குடும்பமே கைமாற்றினால் சிறுத்தை மரத்திலிருந்து இறங்கிப் போயிருக்கும்.

கூடாரமும் அதன் ஜிப்பும்

கூடாரம் என்றதும் சாரணர் முகாமை நினைக்க வேண்டாம். மரத்தாலோ சிமெண்டாலோ ஆன மேடை, அதன்மேல் கெட்டிக் கேன்வாஸ், உள்ளே நல்ல கட்டில், பின்புறம் குளியலறை, முன்னால் ஆற்றைப் பார்த்த வராந்தா இருக்கும். வெந்நீர் இரண்டு விதமாக வரும். சில முகாம்களில் பின்னால் விறகு பாய்லர் இருக்கும். எளிய முகாம்களில் நீங்கள் கேட்கும் நேரத்துக்குப் பணியாளர் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து மேலே தொங்கும் பையில் ஊற்றுவார். அது இருபது லிட்டர் அளவுக்குத்தான் இருக்கும். நனைந்ததும் குழாயை மூடி, சோப்புப் போட்டு, திரும்பத் திறந்து அலசினால் தாராளமாகப் போதும். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை ஊருக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ வரும். சில இடங்களில் குறிப்பிட்ட மணி நேரம் மட்டும். ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி வேலை செய்யாது. நம் உருண்டை முனை பிளக் அங்கே நுழையாது; சதுர முனை மூன்று கால் பிளக்குக்கான அடாப்டர் வேண்டும். தூக்கத்தில் மூச்சுக் கருவி பயன்படுத்துபவர்கள் இரவு முழுக்க மின்சாரம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துணி துவைத்துத் தருவார்கள். ஆனால் பல முகாம்களில் உள்ளாடைகளை மட்டும் ஏற்க மாட்டார்கள். அதற்காகவே சோப்புத்தூள் கூடாரத்தில் வைத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான பொருள் ஜிப். வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் தரைவரை, கோடிவரை இழுத்து மூட வேண்டும். ஒரு சாண் இடைவெளி விட்டால் வெர்வெட் குரங்கின் கை உள்ளே வரும். பின்னால் குரங்கு வரும். மேசையில் இருக்கும் மாத்திரை அட்டையைக்கூட விடாது. பபூன்கள் இன்னும் மோசம், அவற்றுக்கு ஜிப்பைத் திறக்கவும் தெரியும். சில முகாம்களில் இரண்டு ஜிப் முனைகளையும் சேர்த்து மாட்ட ஒரு கொக்கி தருவார்கள். அதை மாட்டாமல் போகாதீர்கள்.

தின்பண்டம் கூடாரத்துக்குள் கூடவே கூடாது. நம்மவர்கள் முறுக்கும் அதிரசமும் தக்காளித் தொக்கும் இல்லாமல் கிளம்புவதில்லை. கொண்டுவருவதில் தப்பில்லை. வந்த உடனே சாப்பாட்டுக் கூடாரத்தில் கொடுத்து, பெயர் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கேட்கும்போது எடுத்துத் தருவார்கள். குழந்தையின் பையில் ஒளிந்திருக்கும் பிஸ்கட் பொட்டலத்தையும் தேடி எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் குரங்கை விட எறும்புதான் பெரிய தொல்லை. சியாஃபு என்ற படையெறும்பு வரிசை கட்டி வந்தால் கூடாரத்தையே காலி செய்ய வேண்டியிருக்கும்.

இருட்டிய பிறகு

மாரா நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் வருடம் முழுக்க ஆறரை மணிவாக்கில் பொழுது சாயும். அந்தி நீளாது, சட்டென்று இருட்டிவிடும். அதற்குப் பிறகு வேலியில்லாத முகாமில் தனியாக நடக்கக் கூடாது. சாப்பிடப் போகவும் திரும்பவும் காவலாளி கூட வருவார். அஸ்காரி என்று அழைப்பார்கள். பெரும்பாலும் அக்கம்பக்கத்து மசாய் ஊர்க்காரர். சிவப்புப் போர்வையும், ஈட்டியும் டார்ச்சும் அடையாளம். வராந்தாவில் நின்று டார்ச்சை ஆட்டினால் வருவார். முன்னே நடந்து, ஒவ்வொரு புதராக ஒளி அடித்துப் பார்ப்பார். அவர் நின்றால் நீங்களும் நிற்க வேண்டும். பத்தடி தூரம்தானே என்று அவரை விட்டுவிட்டு நடப்பதுதான் இங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய முட்டாள்தனம்.

பயம் சிங்கத்தைப் பற்றியல்ல, நீர்யானையைப் பற்றி. பகலெல்லாம் தண்ணீரில் கிடந்து, இருட்டியதும் புல் மேயக் கரையேறும். ஒரே இரவில் 40 கிலோ வரை தின்னும். தலைமுறை தலைமுறையாக ஒரே தடத்தில் ஏறி இறங்குவதால் கரையில் வாய்க்கால் போலப் பள்ளம் விழுந்திருக்கும். பகலில் அந்தத் தடங்களைப் பார்த்து வையுங்கள். சில கூடாரங்களின் பக்கவாட்டிலேயே போகும். ஒன்றரை டன் உடம்பை வைத்துக்கொண்டு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே யார் நின்றாலும் தாக்கும். ஆற்று விளிம்புக்கு இறங்கிக் கால் நனைப்பது பகலிலும் வேண்டாம், முதலை வேறு இருக்கிறது.

முதல் இரவில் பாதிப் பேர் தூங்குவதில்லை. சத்தங்கள் என்னவென்று தெரிந்தால் கொஞ்சம் நிம்மதி. அடித்தொண்டையில் யாரோ விட்டு விட்டுச் சிரிப்பது போலக் கேட்டால் ஆற்றிலுள்ள நீர்யானைகள். ஊ... என்று தாழத் தொடங்கி மேலே ஏறும் ஊளை கழுதைப்புலி. மரத்தின் மேலிருந்து யாரையோ கழுத்தை நெரிப்பது போன்ற அலறல் கேட்டால் எழுந்து உட்கார வேண்டாம். அது முயல் அளவே உள்ள மர ஹைராக்ஸ் என்ற பிராணி. சிங்கத்தின் கர்ஜனை எட்டுக் கிலோமீட்டர் வரை கேட்கும். பக்கத்தில் இருப்பதாகத் தோன்றினாலும் பெரும்பாலும் வெகுதூரத்தில் இருக்கும். கேன்வாஸுக்கு அந்தப் பக்கம் ஒரே சீராகப் புல்லைப் பறிக்கும் சத்தமும் கனமான மூச்சும் கேட்டால் நீர்யானை மேய்கிறது. அசையாமல் படுத்திருங்கள். டார்ச் அடிக்கவோ, ஜிப்பைத் திறந்து படம் எடுக்கவோ வேண்டாம். மூடிய கூடாரத்தை விலங்குகள் ஒரு பாறையைப் போலச் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. உண்மையான அவசரம் என்றால் விசில் வைத்திருப்பார்கள், ஊதலாம். பாத்ரூமில் பல்லி இருப்பது அவசரமல்ல.

படுக்கைக்குள் கால் நீட்டும்போது சூடாக, மெத்தென்று ஏதோ தட்டுப்படும். அலற வேண்டாம். குளிருக்காக வைத்துவிட்டுப் போன வெந்நீர்ப் பை அது.

வயதான பெற்றோரோடு வருகிறவர்கள் முன்பதிவின்போதே சாப்பாட்டுக் கூடாரத்துக்கு மிக அருகில் உள்ள கூடாரத்தைக் கேளுங்கள். கோடிக் கூடாரம் தனிமையாக, அழகாக இருக்கும். ஆனால் மரவேர்களும் கற்களும் நிறைந்த பாதையில் இருட்டில் அரைக் கிலோமீட்டர் நடப்பது அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. சிறு குழந்தைகளை வேலியில்லாத முகாம்களில் சேர்த்துக்கொள்வதற்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள். அதை வாதாடி மாற்ற முயல வேண்டாம். நெஞ்சுவலி போன்ற பெரிய அவசரம் வந்தால் வில்சன் விமான நிலையத்திலிருந்து ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் விமானம் வந்து நைரோபிக்குக் கொண்டுபோகும். அதற்கான காப்பீடு முகாம் வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தனியாக எடுத்துவிடுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்

ஐந்தரை மணிக்குக் கூடாரத்துக்கு வெளியே மெல்லிய குரலில் "ஜம்போ" என்பார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்திருக்கும். குரங்கு வருவதற்குள் குடித்துவிடுங்கள். ஆறு, ஆறரைக்கு வண்டி கிளம்பும். வெயில் ஏறும்வரை சுற்றிவிட்டுத் திரும்பினால் காலைச் சாப்பாடு. மாலை நான்கு மணிக்கு இன்னொரு சுற்று. இருட்டுவதற்குள் வண்டிகள் முகாம் திரும்பிவிட வேண்டும் என்பது காப்பக விதி.

நடுவில் இருக்கும் ஆறு மணி நேரத்தை என்ன செய்வது? பெரும்பாலான நம்மவர்கள் கொடுத்த காசுக்கு முழு நாளும் வண்டியில் சுற்ற வேண்டும் என்று ஓட்டுநரை நெருக்குகிறார்கள். ஆற்றங்கரை முகாமுக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு அப்படிச் செய்வது வீண். நண்பகலில் சமவெளியில் சிங்கம் புதரடியில் மல்லாந்து கிடக்கும். ஆற்றிலோ அந்த நேரத்தில்தான் போக்குவரத்து. யானைகள் தண்ணீருக்கு இறங்கும், குட்டியைத் தும்பிக்கையால் தள்ளிக் கரையேற்றும். மீன்கொத்தி ஒரே கிளையிலிருந்து திரும்பத் திரும்பப் பாயும். எதிர்க்கரையில் இம்பாலா கூட்டம் தண்ணீர் குடிக்கத் தயங்கித் தயங்கி வரும். முதல் மான் குனிந்ததும் மற்றவை காதை நிமிர்த்திக்கொண்டு நிற்பதைப் பைனாகுலரில் பாருங்கள். நாற்காலி, பைனாகுலர், ஒரு கோப்பை டீ போதும். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காரத் தெரிந்தவருக்கு வண்டியில் போனவரை விட அதிகம் கிடைக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். 1896இல் தொடங்கிய ரயில் பாதை வேலைக்கும், அதைத் தொடர்ந்து வணிகத்துக்கும் வந்த இந்தியர்களால் சப்பாத்தியும் சமோசாவும் கென்யாவின் சொந்தச் சாப்பாடாகவே ஆகிவிட்டன. முகாம் சமையல்காரர்களுக்குப் பருப்பும் காய்கறிக் கறியும் நன்றாகச் செய்ய வரும். வெங்காயம், பூண்டு இல்லாத சமையலும் குஜராத்தி விருந்தினர்களால் அவர்களுக்குப் பழக்கம். ஆனால் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் முட்டை வரலாம். முட்டை வேண்டாம், மீன் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், முன்பதிவின்போதே எழுதியும் கொடுங்கள். உள்ளூர்ச் சாப்பாடு வேண்டுமென்றால் உகாலியும் சுகுமா விகியும் கேளுங்கள். மக்காச்சோளக் களியும் கீரைப் பொரியலும்தான். களி பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும். சாதமும் தயிரும் சொன்னால் கிடைக்கும், ஆனால் புளிப்பான நம் தயிரை எதிர்பார்க்க வேண்டாம். குடிக்கவும் பல் துலக்கவும் கூடாரத்தில் வைக்கும் வடிகட்டிய தண்ணீரையே பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீர் ஆற்றிலிருந்து ஏறியது.

முகாமில் வேலை செய்பவர்களிடம் பேசுங்கள். இரவில் துணைக்கு வரும் காவலாளிக்கு அந்த ஆற்றைப் பற்றித் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மசாய் ஊருக்குப் போவதானால் தலைக்கு எவ்வளவு, அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதைப் போகுமுன் பேசி முடித்துவிடுங்கள்.

எத்தனை இரவு என்று கேட்டால், மூன்று. இரண்டு இரவில் முதல் இரவு பயத்திலும் இரண்டாவது பெட்டி கட்டுவதிலும் போய்விடும். அதற்குக் கொடுக்கும் பணம் கட்டுப்படியாகாது. பணம் இரண்டு இரவுக்குத்தான் என்றால் ஒரு படி மலிவான முகாமில் மூன்றாகத் தங்குங்கள்.

கிளம்பும் நாளில் இரண்டு வேலை. அன்பளிப்பை ஓட்டுநரிடம் நேரில் கொடுங்கள். மற்ற ஊழியர்களுக்குச் சாப்பாட்டுக் கூடாரத்தில் பொது உண்டியல் இருக்கும், சமையல்காரரும் துணி துவைப்பவரும் அதில்தான் பங்கு பெறுகிறார்கள். அடுத்தது நேரம். காப்பகத்துக்குள் தங்கியவர்கள் காலை பத்து மணிக்குள் வாயிலைத் தாண்டவில்லை என்றால் இன்னொரு நாள் கட்டணம் விழும். ஆகவே கடைசிச் சவாரியைப் பெட்டிகளோடு வாயிலை நோக்கியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டோடு கையில் வைத்திருங்கள். ஊரில் விமானம் இறங்கியதும் குடியேற்றச் சோதனைக்கு முன்பே கேட்பார்கள்.